பத்தொன்பது கடிதங்களில் கவிழ்ந்த ஆட்சி: எஸ்.ஆர். பொம்மை வழக்கு

மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், பாடப்புத்தகம் ஏழாவது அட்டவணையை எடுத்து நீட்டும். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என்று மூன்று. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாநிலப் பட்டியலில் 66 இனங்கள் இருந்தன. காவல், நிலம், வேளாண்மை, உள்ளாட்சி எல்லாம் அதில் அடக்கம். அந்த 66 இனங்களையும் கையில் வைத்திருக்கும் ஓர் அரசை, அதற்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்கிறதா என்று எண்ணிக்கூடப் பார்க்காமல், டெல்லியிலிருந்து ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றால் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு? 1989 ஏப்ரலில் கர்நாடகத்தில் எழுந்த கேள்வி இதுதான். ஐந்து ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதற்குச் சொன்ன பதில், இன்றுவரை மாநில அரசுகளுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. அரசியல் பேசுகிறவர்கள் ‘பொம்மை வழக்கு’ என்ற பெயரை அடிக்கடிச் சொல்கிறார்கள். அதில் உண்மையில் என்ன நடந்தது என்பதை நாள்வாரியாகப் பார்த்தால்தான் தீர்ப்பின் அருமை புரியும்.

ஐந்து நாட்கள்

1985 தேர்தலில் ஜனதா கட்சி 139 இடங்களை வென்று கர்நாடகத்தில் ஆட்சி அமைத்தது. முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே 1988 ஆகஸ்டில் பதவி விலக, எஸ்.ஆர். பொம்மை முதல்வரானார். பிறகு ஜனதா கட்சியும் லோக்தளத்தின் ஒரு பிரிவும் இணைந்து ஜனதா தளம் உருவானது. 1989 ஏப்ரல் 15 அன்று பொம்மை தன் அமைச்சரவையை விரிவாக்கி 13 பேரைச் சேர்த்தார். இடம் கிடைக்காதவர்களின் மனக்குறை எங்கே போய் முடியும் என்பது நம் அரசியலைக் கவனிக்கும் எவருக்கும் தெரியும்.

இரண்டே நாட்களில், ஏப்ரல் 17 அன்று, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கட்சியை விட்டு விலகி ஆளுநர் பி. வெங்கடசுப்பையாவைச் சந்தித்தார். மறுநாள் அவர் 19 கடிதங்களை ஆளுநரிடம் கொடுத்தார். ஜனதா தளத்தின் 17 உறுப்பினர்கள், ஒரு சுயேச்சை, ஆட்சிக்கு ஆதரவளித்து வந்த பாரதிய ஜனதா உறுப்பினர் ஒருவர் ஆகியோர் ஆதரவை விலக்கிக்கொள்வதாக அந்தக் கடிதங்கள் சொல்லின. கையெழுத்துகள் சரியானவையா என்று சட்டமன்றச் செயலகத்தின் மூலம் ஆளுநர் சரிபார்த்துக்கொண்டார். ஏப்ரல் 19 அன்று குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்பினார்: அமைச்சரவை பெரும்பான்மையை இழந்துவிட்டது, வேறு எந்தக் கட்சியாலும் ஆட்சி அமைக்க முடியாது, எனவே மாநில ஆட்சியை நீக்கிவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையெழுத்து உண்மையா என்று சோதித்த ஆளுநர், அந்தக் கையெழுத்துக்குரியவர்களின் முதல்வரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே நகரத்தில் இருக்கும் முதல்வரிடம், ‘உங்களுக்கு எதிராக இப்படிக் கடிதங்கள் வந்திருக்கின்றன, என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்பதற்கு அரை மணி நேரம் போதும்.

மறுநாள், ஏப்ரல் 20, நிலைமை தலைகீழானது. கடிதம் கொடுத்த 19 பேரில் ஏழு பேர், தவறான தகவல் சொல்லித் தங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றும், தங்கள் ஆதரவு பொம்மைக்கே என்றும் ஆளுநருக்கு எழுதினார்கள். அதே நாளில் பொம்மையும் சட்ட அமைச்சரும் ஆளுநரைச் சந்தித்தார்கள். சட்டமன்றத்தை ஏப்ரல் 27 அன்று கூட்ட முடிவு செய்திருப்பதைச் சொன்னார்கள். வேண்டுமானால் அதற்கு முன்பே கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்கத் தயார் என்றார்கள். குடியரசுத் தலைவருக்கும் இதே செய்தி டெலக்ஸ் மூலம் போனது.

ஆளுநர் என்ன செய்தார்? அன்றைக்கே இரண்டாவது அறிக்கை ஒன்றை அனுப்பினார். ஏழு பேரின் கடிதங்களைக் குறிப்பிட்டுவிட்டு, அவை நெருக்குதலில் பெறப்பட்டவை என்றும் குதிரை பேரம் நடப்பதாகவும் சொல்லி, முதல் பரிந்துரையை மீண்டும் வலியுறுத்தினார். முதல் 19 கடிதங்கள் எந்த நெருக்குதலில் பெறப்பட்டவை என்ற ஐயம் அவருக்கு எழவில்லை.

ஏப்ரல் 21 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், ராஜீவ் காந்தி தலைமையிலான மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி, பிரகடனத்தில் கையெழுத்திட்டார். ஆட்சி நீக்கப்பட்டது, சட்டமன்றம் கலைக்கப்பட்டது. எண்ணிப் பார்ப்பதற்கென்று குறிக்கப்பட்டிருந்த நாளுக்கு இன்னும் ஆறு நாட்கள் இருந்தன.

செத்த எழுத்தாக இருக்க வேண்டிய பிரிவு

356ஆம் பிரிவு எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில், 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, மாகாண அரசை ஒதுக்கிவிட்டு ஆளுநரே ஆட்சியை எடுத்துக்கொள்ள வழி செய்தது. அதன் வாரிசுதான் இது. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஆகஸ்டில் எதிர்ப்பு எழுந்தபோது அம்பேத்கர் அளித்த பதில் பிரபலமானது. இந்தப் பிரிவுகள் ஒருபோதும் பயன்படுத்தப்படாமல் செத்த எழுத்தாகவே இருக்கும் என்று நம்புவதாக அவர் சொன்னார். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், குடியரசுத் தலைவர் முதலில் தவறு செய்த மாகாணத்துக்கு எச்சரிக்கை விடுவார், அது பலிக்காவிட்டால் தேர்தல் நடத்த உத்தரவிட்டு மக்களையே முடிவெடுக்கச் சொல்வார் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. 1951இல் பஞ்சாபில் தொடங்கியது. 1959இல் கேரளத்தில் பெரும்பான்மையோடு இருந்த ஈ.எம்.எஸ். அரசு நீக்கப்பட்டது. 1977இல் மத்தியில் ஜனதா வந்ததும் காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலங்களின் ஆட்சிகளைக் கலைத்தது. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் அதே ஒன்பது என்ற கணக்கில் பதிலடி கொடுத்தார். பொம்மை வழக்கில் தீர்ப்பு வருவதற்குள் இந்தப் பிரிவு 90 முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அயலூர்க் கதை இல்லை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை இங்கே ஆட்சி கலைக்கப்பட்டிருக்கிறது. 1980இல் எம்.ஜி.ஆருக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. கலைத்த சில மாதங்களிலேயே மக்கள் அவரை மீண்டும் உட்கார வைத்தார்கள். 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி அரசைக் கலைத்தபோது நடந்தது இன்னும் கடுமை. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். ஆளுநரிடமிருந்து அறிக்கை பெற்றோ ‘வேறு வகையிலோ’ என்று 356இல் இருக்கும் சொற்களைப் பிடித்துக்கொண்டு, சந்திரசேகர் அரசின் ஆலோசனைப்படி பிரகடனம் வெளியானது. கர்நாடகத்தில் ஆளுநர் அவசரப்பட்டார் என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் ஆளுநரே மறுத்தும் ஆட்சி போனது. ஆக, கோளாறு ஆளுநர் என்ற தனி மனிதரின் குணத்தில் மட்டும் இல்லை, பிரிவின் அமைப்பிலேயே இருந்தது. மத்திய-மாநில உறவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971லேயே இந்தப் பிரிவை நீக்க வேண்டும், இல்லையேல் உரிய பாதுகாப்புகளுக்கு உட்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

நீதிமன்றத்தின் கதவு

கலைக்கப்பட்ட ஐந்தாம் நாளே பொம்மை கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று நீதிபதிகள் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆளுநர் அறிக்கையில் சொல்லப்பட்ட விவரங்கள் தொடர்பற்றவை என்று சொல்ல முடியாது, அவையில் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பது அதன் முடிவு.

உயர் நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1977இல் ஒன்பது ஆட்சிகளைக் கலைக்கும் முடிவை எதிர்த்து ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் கைவிரித்திருந்தார்கள். கெட்ட நோக்கம் அப்பட்டமாகத் தெரிந்தாலோ, முற்றிலும் தொடர்பற்ற காரணம் காட்டப்பட்டாலோ மட்டுமே தலையிட முடியும் என்ற சிறு இடைவெளியைத்தான் அந்தத் தீர்ப்பு விட்டு வைத்தது. அதற்கு முன், நெருக்கடி நிலைக் காலத்தில், குடியரசுத் தலைவரின் திருப்தியே இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 38ஆம் திருத்தம் பூட்டே போட்டிருந்தது. 1978இல் 44ஆம் திருத்தம் அந்தப் பூட்டை எடுத்தது. பூட்டு போன கதவைத் தள்ளிப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். பொம்மை தள்ளினார்.

உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது வழக்கு தனியாக இல்லை. 1988இல் நாகாலாந்து, 1991இல் மேகாலயா, பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1992 டிசம்பர் 15 அன்று கலைக்கப்பட்ட, பாரதிய ஜனதா ஆண்ட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. தமிழரான எஸ். ரத்தினவேல் பாண்டியன் உட்பட ஒன்பது நீதிபதிகள் விசாரித்தார்கள். 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பு வந்தது.

எங்கே எண்ணுவது?

தீர்ப்பு ஒரே குரலில் இல்லை. இத்தகைய அரசியல் முடிவுகளை அளக்க நீதிமன்றத்திடம் அளவுகோல் குறைவு என்று நீதிபதிகள் வர்மாவும் யோகேஷ்வர் தயாளும் தயங்கினார்கள். அகமதியும் எச்சரிக்கையாகவே பேசினார். சாவந்தும் குல்தீப் சிங்கும் ஒரு பக்கம், ஜீவன் ரெட்டியும் அகர்வாலும் இன்னொரு பக்கம் எழுதியவையே, பாண்டியனின் இசைவோடு, பெரும்பான்மை வழியாக நிலைத்தன.

எனக்கு இதன் மையம் மிக எளிய ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஓர் அமைச்சரவையின் பலத்தை மதிப்பிடுவது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஆன எந்தத் தனி மனிதரின் சொந்தக் கருத்துக்கும் விடப்படும் விஷயமல்ல, அதை அவையில் வெளிப்படையாகவே காட்டிவிட முடியும் என்று சாவந்த் எழுதினார். ராஜ்பவனின் மூடிய அறையில் மேசை மேல் கடிதங்களை அடுக்கி எண்ணுவது ஒரு வகை. கதவு திறந்த அவையில், பத்திரிகையாளர் மாடத்திலிருந்து ஊர் பார்க்க, உறுப்பினர் எழுந்து நின்று தலை எண்ணப்படுவது இன்னொரு வகை. முதலாவதில் கையெழுத்துப் போட்டவர் மறுநாள் மனம் மாறினால் யாரை நம்புவது என்ற குழப்பம். இரண்டாவதில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. கடிதத்தை மறுக்கலாம், நின்ற நிலையை மறுக்க முடியாது. கர்நாடகத்தில் முதல்வரே தேதி குறித்துக் கொடுத்தும் ஆளுநர் அந்த வழியைத் தவிர்த்ததை நீதிமன்றம் கடுமையாகவே கண்டித்தது.

இதைச் சுற்றி மற்ற முடிவுகள் எழுந்தன. பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம். அமைச்சரவை தந்த ஆலோசனை என்ன என்று கேட்க அரசியலமைப்பின் 74(2) பிரிவு தடையாக இருந்தாலும், முடிவுக்கு அடிப்படையான ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கத் தடையில்லை. ஐயத்துக்கு முகாந்திரம் இருந்தால், ஆவணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு மத்திய அரசுடையது. பிரகடனம் செல்லாது என்று முடிவானால், நீக்கிய அரசையும் கலைத்த அவையையும் நீதிமன்றத்தால் மீட்டுத் தர முடியும். வழக்கு முடிவதற்குள் தேர்தல் நடந்து எல்லாம் வீணாகாதபடி இடைக்காலத் தடையும் விதிக்க முடியும்.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் நடைமுறையில் இதற்குத்தான் பல் அதிகம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பிரகடனத்துக்கு ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்க மட்டுமே செய்யலாம். அதற்கு முன்பெல்லாம் ஒரே இரவில் ஆட்சியும் போகும், அவையும் போகும். பிறகு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் என்ன, மறுத்தால் என்ன? இந்தத் தீர்ப்புக்குப் பின் மக்களவையில் மட்டும் பலம் உள்ள மத்திய அரசு, மாநிலங்களின் அவையான மாநிலங்களவையையும் தாண்டியாக வேண்டும்.

மத்தியில் அதிகாரம் கூடுதலாகக் குவிந்திருப்பதால் மாநிலங்கள் அதன் ஒட்டுறுப்புகள் ஆகிவிடாது, தமக்கு ஒதுக்கப்பட்ட வட்டத்துக்குள் மாநிலங்களே தலைமையானவை என்று ஜீவன் ரெட்டி எழுதியதையும் சொல்ல வேண்டும். ஏழாவது அட்டவணையின் 66 இனங்களுக்கு உயிர் கொடுத்த வரி இது என்பது என் எண்ணம்.

முடிவாக, கர்நாடகம், நாகாலாந்து, மேகாலயா ஆகிய மூன்றிலும் பிரகடனம் செல்லாது என்றது நீதிமன்றம். நாகாலாந்தில் 60 பேர் கொண்ட அவையில் 35 பேரின் ஆதரவு இருப்பதாக, ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்து வந்த வாமுசோ உரிமை கோரியும், பலத்தைக் காட்ட அவருக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அது கர்நாடகத்தின் மறுபதிப்பு.

எனக்கு உடன்பாடில்லாத இடம்

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலம் ஆகிய மூன்றில் கலைப்பு செல்லும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு, அதற்கு மாறாக நடக்கும் அரசு அரசியலமைப்பின்படி நடக்கும் அரசாகாது என்பது வாதம். அந்தக் கோட்பாட்டை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மசூதி இடிக்கப்பட்ட அந்த டிசம்பரின் பயங்கரத்தை யாரும் சிறிதாக்கிவிட முடியாது. ஆனால் கோட்பாடு சரியாக இருப்பதும், அதை மூன்று மாநிலங்களுக்கும் பொருத்திய விதம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. இடிப்பு நடந்தது உத்தரப் பிரதேசத்தில். மற்ற மூன்று மாநில அரசுகளும் தனித்தனியே என்ன செய்தன, என்ன செய்யத் தவறின என்று ஒவ்வொன்றாக எடை போட்டிருக்க வேண்டும். கர்நாடகத்துக்கு ஆவணத்தை வரி வரியாகப் பார்த்த அதே நீதிமன்றம், இங்கே நாட்டின் பொதுச் சூழலையும் கட்சித் தலைவர்களின் பேச்சையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கலைப்பை ரத்து செய்திருந்ததும் இதில் மறைந்துபோனது.

இரண்டாவது குறை, காலம். 1989 ஏப்ரலில் நடந்த தவறுக்கு 1994 மார்ச்சில் தீர்ப்பு. இடையில் 1989 நவம்பரிலேயே கர்நாடகத்தில் தேர்தல் நடந்து காங்கிரஸ் 178 இடங்களோடு ஆட்சிக்கு வந்துவிட்டது. பொம்மையின் ஆட்சியை மீட்டுத் தர வழியில்லை. நீங்கள் சொன்னது சரி என்று நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான். இந்திய அரசியலில் தன் பெயரையே ஒரு பாதுகாப்பாக விட்டுச் சென்ற அந்த மனிதருக்கு அந்தப் பாதுகாப்பில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தவை

ஆனால் விளைவு உடனே தெரியத் தொடங்கியது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் அரசைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1998இல் பீகார் பற்றிய பரிந்துரைக்கும் அதே கதி. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் அரசு ராப்ரி தேவியின் ஆட்சியை நீக்கியே விட்டது. மக்களவை ஒப்புதல் தந்தது. மாநிலங்களவையில் பலம் போதவில்லை. பிரகடனத்தைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது, மார்ச்சில் ராப்ரி தேவி மீண்டும் முதல்வரானார். அவை கலைக்கப்படாமல் முடக்கி மட்டும் வைக்கப்பட்டிருந்ததால்தான் அவரால் அதே நாற்காலிக்குத் திரும்ப முடிந்தது.

2016 உத்தராகண்டில் நடந்ததைப் படிக்கும்போது 1989 பெங்களூரு கண்முன் வருகிறது. ஆளுங்கட்சியான காங்கிரஸில் ஒன்பது பேர் கலகம் செய்தார்கள். முதல்வர் ஹரீஷ் ராவத் மார்ச் 28 அன்று அவையில் பலத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது. பொம்மைக்கு ஆறு நாட்கள் மிச்சமிருந்தன, ராவத்துக்கு ஒரு நாள். ஆனால் இந்த முறை நீதிமன்றத்தின் கையில் பொம்மை தீர்ப்பு இருந்தது. உயர் நீதிமன்றம் ஏப்ரல் 21 அன்று கலைப்பை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் மே 10 அன்று வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. வாக்கெடுப்பு நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கி வைக்கப்பட்டது. அவை கூடியது, தலைகள் எண்ணப்பட்டன. ராவத்துக்கு 33, எதிராக 28. கடிதங்களைப் பற்றிய வாதம் அங்கே முடிந்தது.

356 இப்படிக் கட்டுக்குள் வந்த பிறகு, மாநிலங்களுக்கும் ஆளுநர்களுக்கும் இடையிலான இழுபறி, மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய 200ஆம் பிரிவுக்கு நகர்ந்திருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரின் மேசையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்துக் காலக்கெடுவும் குறித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. காரணமின்றி நெடுங்காலம் முடக்கி வைத்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் உத்தரவிடலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

பொம்மை வழக்கில் ஒரு வசதி இருந்தது. பெரும்பான்மை என்பது எண்ணிக் காட்டக்கூடியது. ஏப்ரல் 27 என்று ஒரு தேதி இருந்தது, கூடுவதற்கு ஓர் அவை இருந்தது. மசோதா விஷயத்தில் அவை தன் தலைகளை ஏற்கெனவே எண்ணி முடித்துவிட்டது. எண்ணிய பிறகும் மசோதா ஆளுநர் மாளிகையில் காத்துக் கிடக்கிறது. எத்தனை நாள் காத்திருந்தால் அது ‘நெடுங்காலம்’ என்பதை ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு மாநில அரசு நீதிமன்றப் படியேறித்தான் இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.